வடிகால் எங்கே முடிகிறது

ஏகாம்பரநாதன் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தார். கார்க் கதவைச் சுற்றி ஓடுகிற கறுப்பு ரப்பரைச் செய்யும் கம்பெனி அது. மழையில் போகும்போது காருக்குள் தண்ணீர் வராமல் இருப்பதற்கு அந்த ரப்பர்தான் காரணம். செய்து வந்த ரப்பரை விரலால் தடவிப் பார்த்து, தண்ணீர் எந்த இடத்தில் உள்ளே புகும் என்று சொல்வது அவர் வேலை. எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அதைச் செய்துவந்தார்.

அவர் என் கணவர். நாவந்தாங்கலில் கலங்கல் தெருவில் எங்கள் வீடு. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்துக்குக் கலங்கல் என்று பெயர். அதன் பக்கத்தில் இருப்பதால் தெருவுக்கும் அதே பெயர்.

அவர் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. பொருளில் குறை வந்தால் யாரையும் திட்டக் கூடாது. ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும். முதல் ஏனுக்கு வரும் பதிலின்மேல் இரண்டாவது ஏன், அதற்கு வரும் பதிலின்மேல் மூன்றாவது. ஐந்தாவதில் உண்மையான காரணம் வெளியே வந்துவிடும் என்பது நம்பிக்கை. ஜப்பான்காரர்கள் சொல்லிக் கொடுத்தது. இதற்கென்று அச்சடித்த தாளே உண்டு. ஒய்-ஒய் ஷீட் என்பார்கள்.

அவர் இதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஒருநாள் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டது. ஏன் ஒட்டியது என்றார். கல் காயவில்லை என்றேன். ஏன் காயவில்லை? கேஸ் தீரப்போகிறது. ஏன் புதுசு வரவில்லை? பதிவு செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? போன் உங்கள் பையில் இருந்தது. ஐந்தாவது ஏனை அவர் கேட்கவில்லை. பிய்ந்த தோசையைச் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

அவருடைய ஏன்கள் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் போய் நிற்கும். மோட்டார் ஓடாததற்குப் பக்கத்து வீட்டு முருங்கை மரம் காரணம் என்று ஒருமுறை கண்டுபிடித்தார். உண்மையில் கரண்ட் இல்லை. ஆனாலும் கேட்பதை விடமாட்டார்.

எங்கள் பக்கத்துச் சாலையை அகலப்படுத்தி, ஓரத்தில் பெரிய மழைநீர் வடிகால் கட்டத் தொடங்கினார்கள். மேட்டில் கம்பெனிகள் இருக்கும் இடத்தில் ஆரம்பித்து, எங்கள் ஊரை நோக்கி இறங்கி வந்தது. ஆள் நின்றால் தலை மறையும் ஆழம். ஒரு பன்னாட்டு வங்கி கடன் கொடுக்கிறது என்று சாலையோரம் பலகை வைத்திருந்தார்கள். எங்கே ஆரம்பிக்கிறது என்று அதில் இருந்தது. எங்கே முடிகிறது என்று இல்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டு வெள்ளத்தில் எங்கள் வீட்டில் ஜன்னல்வரை தண்ணீர் நின்றது. பீரோ மிதந்தது. மிதந்து போய்க் கதவில் சாய்ந்துகொண்டதால் வெளியிலிருந்து கதவைத் திறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வீட்டை இடித்து உயர்த்திக் கட்டினோம். தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஏரித் தண்ணீர் மட்டும் வந்தால் இனிச் சமாளிக்கலாம். அத்தனை கம்பெனிக் கூரைகளிலும் விழுகிற மழை ஒரே வடிகாலில் சேர்ந்து வந்து தெருவில் கொட்டினால், எவ்வளவு உயர்த்திக் கட்டியும் பயனில்லை. அதனால் வடிகால் எங்கே முடிகிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. கட்டி முடிப்பதற்குள் தெரிய வேண்டும்.

முதலில் அவர் வேலை நடக்கும் இடத்தில் கேட்டார். அங்கிருந்த என்ஜினீயர் சின்னப் பையன், திருநெல்வேலிப் பக்கம். தனக்குக் கொடுத்தது இந்த நீளம் மட்டும்தான், அதற்கு அப்புறம் வேறு ஆள் என்றான். பஞ்சாயத்தில் நெடுஞ்சாலைத் துறையைக் கேட்கச் சொன்னார்கள். அவர்கள் திட்ட அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். திட்ட அலுவலகத்தில், வரைபடத்தை வெளியே காட்ட வங்கியின் அனுமதி வேண்டும் என்றார்கள்.

வங்கி என்றால் கிளை இருக்கும் என்று அவர் நினைத்தார். ஸ்ரீபெரும்புதூரில் அவருடைய சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போய், பன்னாட்டு வங்கியின் கிளை எங்கே இருக்கிறது என்று கேட்டார். கவுண்டரில் இருந்தவர் சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொன்னார். சாப்பாட்டுக்குப் பிறகு, அப்படி ஒன்று இந்த ஊரில் இல்லை என்றார். பாஸ்புக்கில் பதிந்துகொண்டு வந்தார்.

அந்தச் சமயத்தில் தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கூட்டம் நடந்தது. பன்னாட்டு நிதி நிறுவனங்களின் வெளிப்படைத்தன்மை என்று தலைப்பு. பஸ் ஜன்னல் வழியே அதன் விளம்பரத் தட்டியைப் பார்த்திருக்கிறார். நிதி நிறுவனம் என்ற சொல் போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு போனார். நான் ஆங்கிலம் பி.ஏ. படித்தவள், புரியாவிட்டால் சொல்லலாம் என்பதற்காக.

பேசியவர் சுபஸ்ரீ. சென்னையில் ஓர் அமைப்பு, இப்படிப்பட்ட வங்கிகள் யாருக்கு, எதற்குக் கடன் கொடுக்கின்றன என்று கண்காணிக்கிறது. அதில் வேலை செய்யும் பெண், முப்பது வயது இருக்கும். மாணவர்கள் வருகைப் பதிவுக்காக வந்திருந்தார்கள். வங்கி தன் திட்டங்களைப் பற்றிய காகிதங்களை வெளியிட வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களுக்குப் புரியும் மொழியில் வெளியிட வேண்டும் என்று வங்கியே விதி வைத்திருக்கிறது என்றார் அவர். விதியைக் கடைப்பிடிக்கவில்லை என்றால் வங்கிக்குள்ளேயே ஒரு புகார் அலுவலகம் உண்டு என்றார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று முடித்தார். இவர் எழுந்தார்.

"அந்தக் காயிதத்த நாங்க ஏன் பாக்கணும்? கடன் வாங்கினது கவர்மென்ட்டு தான?"

"திருப்பிக் கட்டப்போறது நாமதான் சார். அந்த வங்கியில நம்ம நாடும் ஒரு பங்குதாரர்."

"அப்ப ஏன் காட்ட மாட்றாங்க?"

"கேட்கலைன்னா காட்ட மாட்டாங்க."

"ஏன்?"

"கேட்டாலும் சில சமயம் காட்ட மாட்டாங்க."

"அது ஏன்?"

சுபஸ்ரீ தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் குடித்தார். "சார், அதைக் கேட்கத்தான் எங்க அமைப்பையே வச்சிருக்கோம்" என்றார்.

மாணவர்கள் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

சுபஸ்ரீயின் உதவியோடு வங்கிக்கு மனு அனுப்பினோம். வாரங்கள் கழித்து ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை வந்தது, தடிமனாக. இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து அவருக்குச் சொன்னேன். நான் கல்லூரியில் படித்த ஆங்கிலம் இல்லை அது. எல்லாம் தானாக நடந்தது போல் எழுதியிருந்தது. கலந்தாலோசிக்கப்பட்டது, கருத்தில் கொள்ளப்பட்டது, தணிக்கப்படும். யார் செய்தார், யார் செய்வார் என்று ஒரு பக்கத்திலும் இல்லை. வடிகாலின் வரைபடம் இருக்க வேண்டிய பக்கத்தில், ஒப்பந்ததாரரின் வணிக நலன் கருதி வெளியிடப்படவில்லை என்று ஒரு வரி இருந்தது.

அதற்கு இரண்டு பக்கம் தள்ளி ஒரு புகைப்படம். நாவந்தாங்கல் மக்களுடன் கலந்தாய்வுக் கூட்டம் என்று கீழே போட்டிருந்தது. மக்கள் எந்தக் கவலையும் தெரிவிக்கவில்லை, திட்டத்தை மகிழ்ச்சியுடன் வரவேற்றார்கள் என்றும் இருந்தது.

படத்தில் எங்கள் அம்மன் கோயில் தெரிந்தது. ஆடி மாதம் கூழ் ஊற்றிய அன்று எடுத்தது. தொப்பி போட்ட இரண்டு பேர் அன்று வந்து, சாலை வேலை என்று ஏதோ சொல்லிவிட்டுப் படம் எடுத்துப் போனது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆளுக்கொரு சொம்புடன் வரிசையில் நின்றிருந்தோம். முன்வரிசையில் என் கணவர். கையில் எங்கள் வீட்டுத் தூக்கு. நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கூழுக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு கொடுத்துக்கொண்டிருந்த நேரம்.

அவர் அறிக்கையை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.

"நானே சிரிச்சிகினு கீறேன் ராஜி. இனிமே எவன் நம்புவான்?"

புகார் கொடுப்பது என்று முடிவானது. பாதிக்கப்படுகிறவர்கள் குறைந்தது இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்த வங்கியின் விதி. இவர் ஒருவர். இன்னொருவர் தெருக்கோடியில் இருக்கும் அப்பாவு அண்ணன். ஆடு வளர்க்கிறார். தெருவிலேயே தாழ்வான இடத்தில் அவருடைய ஆட்டுக்கொட்டகை இருக்கிறது. தண்ணீர் வந்தால் முதலில் ஆடுகளுக்குத்தான் தெரியும்.

பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்கலாம் என்று சுபஸ்ரீ சொன்னார். கேட்கத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். இவருடைய கம்பெனியின் மழைநீரும் அந்த வடிகாலில்தான் போகிறது. வடிகால் சீக்கிரம் முடிய வேண்டும் என்று மேட்டிலிருக்கும் கம்பெனிகளெல்லாம் சேர்ந்து கேட்டிருந்தன. அதனால் ரகசியம் என்ற கட்டத்தில் டிக் போட்டோம். புகார் ஏற்கப்பட்டது. விசாரிக்க ஒரு குழு நேரில் வரும், புகார்தாரர்களின் அடையாளம் எந்த நிலையிலும் வெளியிடப்படாது என்று பதில் வந்தது.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சுபஸ்ரீ போனில் மூன்று முறை சொன்னார். இவர் என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவு அண்ணனும் மனைவி மரகதம் அக்காவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மரகதம் அக்கா, வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் எங்கே உட்காரவைப்பது என்று தெருவில் நாலு பேரிடம் யோசனை கேட்டார்.

எங்கள் பக்கத்தில் பிளெக்ஸ் வைக்காமல் எதுவும் நடப்பதில்லை. காது குத்தினால் வைப்பார்கள். பைக் வாங்கினால் வைப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பாஸானால் வைப்பார்கள், தோற்றவன் அடுத்த முறை எழுதப்போகும்போதும் வைப்பார்கள். தெருவில் ஒரு நற்பணி மன்றம் உண்டு. தலைவர் ரஞ்சித், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். நல்ல பிள்ளை. வெளிநாட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு ஆட்கள் வருவது முதல்முறை என்பதால், மன்றம் சும்மா இருக்க முடியவில்லை.

கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும் நிறுத்தத்தில் வைத்திருந்தார்கள். நல்ல பெரிய அளவு. பன்னாட்டு வங்கியில் ரகசியப் புகார் அளித்து ஊருக்குப் பெருமை சேர்த்த கலங்கல் தெருவின் காவலர்கள் ஏகாம்பரநாதன், அப்பாவு ஆகியோரை வாழ்த்தி வணங்குகிறோம், விசாரிக்க வருகை தரும் வெளிநாட்டு அதிகாரிகளை வருக வருக என வரவேற்கிறோம். இருவர் படமும் பெரிதாக. கீழே மன்ற உறுப்பினர்கள் கறுப்புக் கண்ணாடியுடன் சின்னச் சின்னதாக.

இவர் ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தன் முகத்துக்கு எதிரிலேயே இறங்கினார். கூட வந்தவர்கள் ஜன்னல் வழியே பார்த்தார்கள். சிலர் கைகொடுத்தார்களாம். வீட்டுக்கு வராமல் நேரே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"ரகசியப் புகார்னு நீயே போட்டுகீற. ரகசியம்னா இன்னாடா?"

"அதுக்குத்தாண்ணா வூட்டு நம்பர் போடல" என்றான் ரஞ்சித்.

அப்பாவு அண்ணனும் வந்திருந்தார். ஆதார் அட்டையிலிருந்து படத்தை எடுத்திருந்ததால் அவர் கண் பாதி மூடியிருந்தது. "கேட்டிருந்தா வேற போட்டோ குட்த்திருப்பேனே. இத்தப் பாத்தா தூங்கிகினே புகார் குட்த்த மாரி கீது" என்றார்.

ரஞ்சித்துக்கு விஷயம் புரிந்ததும் அவனே ஏறி அவிழ்த்துவிட்டான். அதற்குள் முதல் ஷிப்ட் பஸ்களெல்லாம் போய்விட்டன. படம் போன்களில் இருங்காட்டுக்கோட்டைவரை போயிருந்தது.

மறுநாள் கம்பெனியில் ஹெச்.ஆர். அதிகாரி கூப்பிட்டார். இளைஞர், மரியாதையாகப் பேசினார். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். பிளெக்ஸில் இருப்பது நான் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். கம்பெனி அடையாள அட்டையிலிருந்துதான் அந்தப் படத்தை எடுத்திருந்தார்கள். அட்டை அப்போது இவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தார்.

அதே வாரம் வங்கியிலிருந்து மின்னஞ்சல். புகார்தாரர்களின் அடையாளம் பொது இடத்தில் வெளியிடப்பட்டதை மிகவும் தீவிரமாக எடுத்துக்கொள்கிறோம். வெளியிட்டவர் யார், மிரட்டும் நோக்கம் இருந்ததா என்று தெரிவிக்கவும். பழிவாங்கும் அபாயம் குறித்த மதிப்பீடு முடியும்வரை குழுவின் வருகை நிறுத்திவைக்கப்படுகிறது.

இது எங்கள் பிளெக்ஸ், எங்கள் பையன், பாராட்டித்தான் வைத்தான் என்று சுபஸ்ரீ வங்கியில் இருந்தவர்களுக்குப் போனில் விளக்கிப் பார்த்தார். பாராட்டு என்ற வகை அவர்கள் படிவத்தில் இல்லை. மதிப்பீட்டுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று சொல்லவும் முடியாது என்றார்கள். வடிகால் அதற்குள் எங்கள் ஊர்ப் பெட்ரோல் பங்க்வரை வந்துவிட்டது.

ஒரு பக்கம், இது நான் இல்லை என்று எழுதச் சொன்னார்கள். இன்னொரு பக்கம், இது நீதான் என்று சொன்னது யார் என்று எழுதச் சொன்னார்கள். அவர் வாசலில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணை வாரும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"ரஞ்சித்து பேரு எழுதினா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

விசாரிப்பார்கள், அவன் மிரட்டினான் என்றுகூட எழுதிக்கொள்வார்கள் என்றேன்.

"எழுதலன்னா?"

"வரமாட்டாங்க."

"அப்ப ரகசியமே வாணாம்னு எழுது. ஏகாம்பரநாதன், கலங்கல் தெரு, நாவந்தாங்கல். எல்லாருக்கும் சொன்னது நான்தான்னு எழுது. கம்பெனி பேரு மட்டும் வாணாம்."

"வேலை போச்சுன்னா?"

"வூடு போச்சுன்னா வேலைக்கி எங்கேருந்து போவேன்?"

எழுதினேன். அப்பாவு அண்ணனும் ரகசியம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார். கண் திறந்த படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பச் சொன்னார். சேர்த்தோம்.

இவர் ஹெச்.ஆரிடம் போய், நான்தான் சார் என்று சொல்லிவிட்டார். அவர் குறித்துக்கொண்டார். வேலை போகவில்லை. அடுத்த மாதம், நிர்வாகத் தேவை கருதி என்று ஓர் ஆணை வந்து, குவாலிட்டியிலிருந்து ஸ்க்ராப் யார்டுக்கு மாற்றினார்கள். குறையுள்ள ரப்பரையெல்லாம் கொட்டிவைக்கும் இடம். இத்தனை வருடமாக அவரே தள்ளிவிட்ட ரப்பர் அங்கே மலைபோல் இருந்தது. எடை போட்டு லாரியில் ஏற்றுவது வேலை. பழிவாங்கல் ஏதும் நடந்ததா என்று வங்கி எழுதிக் கேட்டது. இல்லை, அங்கே நிழல் மட்டும் இல்லை என்று எழுதச் சொன்னார்.

குழு வந்தது. மூன்று பேர். தலைவர் நரைத்த தலையுள்ள அம்மாள், கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். மொழிபெயர்க்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்திருந்தார்கள். அம்மன் கோயிலுக்கு எதிரே ஷாமியானா போட்டோம். பிளெக்ஸ் இல்லை. குழுவினர் புகைப்படம் எடுத்தபோது தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. மரகதம் அக்கா சிறுபிள்ளைகளையும் அதட்டி வைத்திருந்தார்.

கூழ் வரிசை, கலந்தாய்வு எல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டார்கள். கூழ் என்றால் என்ன என்பதற்கு நேரம் அதிகமாயிற்று. கடைசியில், நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்று அந்த அம்மாள் கேட்டார். இவர் எழுந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

"அந்த வரைபடத்த எங்களுக்கு ஏன் காட்டல?"

ஒப்பந்ததாரரின் வணிகத் தகவல் அதில் இருக்கலாம் என்று பதில் வந்தது.

"நாங்க இன்னா, போட்டிக்கு வேற வடிகால் கட்டப்போறமா? அதுல ரகசியம் ஏன்?"

மொழிபெயர்ப்பாளர் இதைக் கொஞ்சம் மெருகேற்றித்தான் சொல்லியிருப்பார். அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரோடு பேசிவிட்டு, முடிவிடம் பற்றிய வடிவமைப்பு இன்னும் இறுதியாகவில்லை, அதுவும் ஒரு காரணம் என்றார்.

"முடிவாவலன்னா ஏன் கட்டிகினு கீறாங்க?"

அந்த அம்மாள் பேனாவை மூடினார். ஆங்கிலத்தில் இரண்டு சொல்தான் சொன்னார்.

"தெரியவில்லை என்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "கேட்டுச் சொல்வதாக உறுதியளிக்கிறார்."

இவர் உட்கார்ந்துவிட்டார். இன்னும் இரண்டு ஏன் பாக்கி இருக்கிறதே என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். கம்பெனியில் இத்தனை வருடத்தில் ஒய்-ஒய் ஷீட்டில் ஒருவன்கூடத் தெரியாது என்று எழுதினதில்லை, அப்படிச் சொல்கிறவரிடம் மேலே என்ன கேட்பது என்றார். அந்த அம்மாளைப் பற்றிக் கடைசிவரை நல்லபடியாகத்தான் பேசினார்.

மழைக்காலம் ஒன்று போய், வெயில் வந்த பிறகு வரைபடத்தை வெளியிட்டார்கள். தமிழில். பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். தெருவே போய்ப் பார்த்தது. வடிகால் நீளமாக வந்து ஓரிடத்தில் நின்றது. வடிகாலின் முடிவிடம்: இயற்கையான தாழ்வான பகுதி என்று எழுதியிருந்தது. எங்கள் தெருவை நீல வண்ணத்தில் நிரப்பியிருந்தார்கள். வீடுகளைக் குறிக்கவில்லை. அப்பாவு அண்ணன் விரலை வைத்துத் தன் கொட்டகையைத் தேடினார். அது நீலத்தின் நடுவில் வந்தது.

இவர் சந்தோஷமாக இருந்தார். ஏன் என்று கேட்டேன். இப்பொழுது தெரிந்துவிட்டதே என்றார்.

பிறகு புகார் அலுவலகத்தின் முடிவு வந்தது. கூழ் வரிசையைக் கலந்தாய்வாகக் கொள்ள முடியாது. தெருவுக்கு வெளியே, பெரிய ஏரிக்குப் போகும் கால்வாய்வரை வடிகாலை நீட்ட வேண்டும். அது முடியும்வரை புகாரை மூடாமல் கண்காணிப்போம். நீட்டும் வேலை தொடங்கியது. அப்பாவு அண்ணன் கொட்டகைக்குக் கொஞ்சம் முன்புவரை வந்தது. அங்கே நின்றது. இயந்திரங்களை வேறு வேலைக்குக் கொண்டுபோனார்கள். குழியின் வாய் எங்கள் தெருவைப் பார்த்துத் திறந்தபடி இருந்தது. அந்த வருடம் மழை குறைவு என்பதால் தப்பித்தோம். நிறுத்தியது ஏன் என்று இவர் வங்கிக்கு மாதாமாதம் என்னை எழுதவைத்தார்.

மாசி மாதத்தில் ஒருநாள் அவர் முதல் ஷிப்டும் அதன்மேல் ஓ.டி.யும் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினார். ஓ.டி. முடித்து வருகிறவன் தூங்கினால் யாரும் எழுப்பமாட்டார்கள். இறங்கும் இடம் தாண்டினாலும் பஸ் திரும்பி வரும்போது இறக்கிவிடுவது வழக்கம். எங்கள் நிறுத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். தூங்கட்டும், ஆளு பாவம், திரும்பும்போது இறக்கிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பஸ் இருங்காட்டுக்கோட்டைவரை போய் எல்லோரையும் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. எப்போது என்று டாக்டரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் நிறுத்தத்துக்கு முன்பா பின்பா என்று நான் கேட்டேன். தெரியவில்லை என்றார்.

கம்பெனியிலிருந்து மாலை வந்தது. ஹெச்.ஆர். இளைஞர் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். சுபஸ்ரீ மூன்று நாள் இருந்தார். கண்ணீர் அஞ்சலிக்கு எந்தப் படம் போடலாம் என்று ரஞ்சித் என்னிடம் கேட்டுக்கொண்டு போனான்.

அடுத்த மாதம் வங்கியிலிருந்து எனக்கு எழுதினார்கள். முதல் பத்தியில் ஆழ்ந்த இரங்கல். இரண்டாம் பத்தியில், புகாரைத் தொடரப் பாதிக்கப்படுகிறவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், இப்போது ஒருவரே இருக்கிறார், மீதி வேலையும் பெரும்பாலும் முடிந்துவிட்டதாகத் தெரிகிறது, எனவே புகாரை மூடலாமா என்று கேட்டிருந்தார்கள்.

அப்பாவு அண்ணனைக் கூப்பிட்டுப் படித்துச் சொன்னேன். அவர் குழி இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"முடிஞ்சிச்சின்னு எவன் சொன்னான்?"

"பெரும்பாலும்னு போட்டிருக்காங்கண்ணே."

"தண்ணி பெரும்பாலும் வராதுமா. வந்தா முழுசா வரும். உம் பேரப் போடு."

போட்டேன். நான் பாதிக்கப்படுகிறவள்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அவர்கள் வெளியிட்ட வரைபடத்தையே அனுப்பி, நீலத்தில் எங்கள் வீடு இருக்கும் இடத்தை வட்டமிட்டுக் காட்டினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் கோப்பில் யாருக்கும் பெயர் கிடையாது. ரகசியம் வேண்டாம் என்றாலும் எண்தான். எனக்கு மூன்று என்று வந்தது. ஒன்றாம் எண்ணையே எனக்குத் தர முடியுமா என்று எழுதிக் கேட்டேன். ஒருவருக்குக் கொடுத்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை என்று மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அது சரிதான்.

இயந்திரம் ஆவணியில் திரும்பி வந்தது. இப்போது வேலை செய்யும் என்ஜினீயர் புதியவர், நான் யார் என்று தெரியாது. தினமும் வந்து நிற்கிறேன் என்பதால் நாற்காலி போடச் சொல்கிறார். குழி கொட்டகையைத் தாண்டிவிட்டது. கால்வாய்க்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது. நடுவில் ஒரு மின்கம்பம் நிற்கிறது, அதை மாற்ற வேறு துறை வர வேண்டுமாம். வானத்தில் இன்னும் மேகம் சேரவில்லை.

வேலை முடிந்ததா என்று வங்கி இந்த மாதமும் கேட்டிருந்தது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இல்லை என்பதில் குறியிட்டு, மின்கம்பத்தைப் பற்றிக் கீழே இரண்டு வரி எழுதி அனுப்பினேன்.